தோளுக்குத் தெரிந்த கனம்

போன மாதம் செங்கம் சாலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆட்டத்தின்போது ஆடி உற்சாகப்படுத்தும் சியர் அணிக்குப் பயிற்சி நடக்கிறது, வந்து பாருங்கள் என்று உங்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். போனேன். ஓய்வு பெற்ற பி.டி. டீச்சருக்கு வேறு என்ன வேலை? மெத்தை விரித்திருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பெண்கள் சேர்ந்து ஐந்தாவது பெண்ணைக் கையில் ஏந்தி மேலே தூக்கினார்கள். அவள் ஒற்றைக் காலில் நின்று சிரித்தாள். பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர் செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். பெயர், உயரம், எடை. "மேடம், ஃப்ளையருக்கு நாப்பது கிலோதான் லிமிட்னு வச்சிருக்கேன். சரியா இருக்குமா, இன்னும் கம்மி பண்ணலாமா?" என்று கேட்டார். மேலே தூக்கப்படும் பெண்ணுக்கு இப்போது ஃப்ளையர் என்று பெயராம்.

கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கிழவிக்குத் திமிர் என்று அவர் நினைத்திருக்கலாம். திமிர் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் முட்டாள் நான்தான். அதை நின்ற நிலையில் சொல்ல முடியாது. அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் எல்லோரும் படியுங்கள்.

பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடம் விசில் ஊதினேன். என் உருவத்தைப் பார்த்த யாரும் என்னைப் பி.டி. டீச்சர் என்று நம்பியதில்லை. புதிதாக வந்த தலைமையாசிரியை ஒருவர் முதல் நாளே என்னிடம் வந்து அரிசி எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்டார். சத்துணவு அமைப்பாளர் என்று நினைத்துவிட்டார். நான் விசிலை எடுத்துக் காட்டினேன்.

எங்கள் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தது பிரமிடு. குடியரசு தினத்துக்கு மாவட்ட மைதானத்தில் எல்லாப் பள்ளியும் ஏதாவது செய்யும். சிலர் கோலாட்டம் ஆடுவார்கள், சிலர் வளையம் வைத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்வார்கள். எங்கள் பிள்ளைகள் பிரமிடு. ஆறு பேர் மண்டியிட்டுக் கையூன்றி நெருக்கமாக நிற்பார்கள். அந்த முதுகுகளின் மேல் இரண்டு பேர் ஏறி நிற்பார்கள். அந்த இரண்டு பேரின் தோள்களில் கால் வைத்து ஒருத்தி நிமிர்ந்து நின்று கொடியை உயர்த்துவாள். பிள்ளைகள் இதற்கு முதுகு, தோள், கொடி என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். "இந்த வருஷம் நீ முதுகா, தோளா?" என்று வராந்தாவில் கேட்டுக்கொள்வார்கள். கொடியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கொடி ஒருத்திதான், அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நான் படித்த காலத்தில் நான் முதுகு. ஐந்து வருடமும் முதுகு. என்னை யாரும் ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது எங்களுக்குப் பி.டி. டீச்சராக இருந்தவர் ஒன்று சொல்வார்: "மேல இருக்கறவள ஊரே பாக்கும்டி. நான் உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். ஆபத்து அங்கதான் மொதல்ல தெரியும்." அது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு நானே டீச்சரானதும் அதை வசதியாக மறந்துவிட்டேன்.

பிரமிடுப் பயிற்சி எப்போதும் தீபம் முடிந்துதான் தொடங்கும். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் எங்கள் பள்ளி எங்களுடையது இல்லை. வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வரும் போலீஸ்காரர்கள் வகுப்பறைகளில் தங்குவார்கள், மைதானத்தில் வண்டிகள் நிற்கும். கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் உள்ளே போனால் தரை முழுக்க டயர் தடம், தண்ணீர்ப் பாக்கெட், வாழை இலை. கரும்பலகையில் யாரோ ஒரு காவலர் தன் மகள் பெயரை அழகாக எழுதிவிட்டுப் போயிருப்பார். பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பமும் கூடையுமாக மைதானத்தைச் சுத்தம் செய்வார்கள். மலை உச்சியில் தீபக் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருக்கும். பெருக்கி முடித்துத் தண்ணீர் தெளித்து, நான் சுண்ணாம்பில் கோடு போட்டால் அந்த வருடப் பயிற்சி ஆரம்பம். இன்றைக்கும் ஈரமண்ணில் சுண்ணாம்பு வாசனை வந்தால் என் கை விசிலைத் தேடும்.

கொடிக்கு ஆள் எடுப்பது சுலபமான வேலை என்றுதான் நான் நம்பியிருந்தேன். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள் அல்லவா, முன்னால் நிற்பவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட வேண்டியது. அந்த வருடம் அப்படி வந்தவள் நித்யா. எட்டாம் வகுப்பு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். நான் கையைப் பிடித்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து முகம் வெளுத்துப் போனாள். கொடிக்கு என்றேன். "நானா டீச்சர்?" என்று மூன்று தடவை கேட்டாள். வரிசையில் முதல் ஆளாக நிற்பதைத் தவிர வேறு எதற்கும் அவளை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. மறுநாள் சாயந்திரமே அவள் அப்பா வாசலில் ஆட்டோவை நிறுத்தி எனக்குக் கும்பிடு போட்டார். "ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன் டீச்சர். என் பொண்ணு கொடி புடிக்கப் போவுதுனு. அன்னைக்கு ஒருத்தனும் சவாரி போவ மாட்டான், எல்லாரும் கிரவுண்டுக்குத்தான்" என்றார்.

தோளுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். கோகிலா, பரிமளா. பரிமளா அடி அண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் நிலம் உண்டு, நாலு மாடு உண்டு. புல்லுக்கட்டுத் தூக்கி வளர்ந்த தோள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அது மாதிரி பள்ளிக்கூடத்தில் எது தூக்க வேண்டுமென்றாலும் பரிமளாவைத்தான் கூப்பிடுவோம். பெஞ்சு, தண்ணீர்க் குடம், பரிசுக் கோப்பை வைக்கும் மேசை, எல்லாம். அவளும் முகம் சுளிக்காமல் வருவாள்.

இனி என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். முந்தைய வருடம் கொடிக்கு நின்ற பெண் லீவு நாளில் நன்றாக வளர்ந்துவிட்டாள். தோள்காரிகள் திணறினார்கள். அதனால் இந்த முறை எல்லாம் கணக்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று உண்டு. திங்கட்கிழமை தோறும் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஒன்பது பேரையும் அதில் ஏற்றினேன். கொடிக்கு முப்பத்திரண்டு கிலோ, அதற்கு மேல் கூடாது என்று அறிவித்தேன். முப்பத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அன்று நித்யா அவ்வளவு இருந்தாள், அவ்வளவுதான். விளையாட்டுச் சாமான் அறையின் பச்சைக் கதவில் சாக்பீஸால் பெயர்களை எழுதி, பக்கத்தில் வாராவாரம் எடையைக் குறித்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் படித்தார்கள். பரிமளாவின் எண்ணைப் படித்துவிட்டுச் சில வாண்டுகள் சிரித்ததும் எனக்குத் தெரியும். அதையும் விட்டுவிட்டேன்.

நித்யாவிடம் ஒரு வாக்கியம் சொன்னேன். "இப்படியே பாத்துக்கோ. ஒரு கிலோ ஏறினாலும் வேற ஆளுதான்." சும்மா, விசில் ஊதுகிற மாதிரி சொன்னேன். எனக்கு அது சொன்ன அடுத்த நிமிடமே மறந்துபோனது.

அடுத்த திங்கள் நித்யா முப்பத்தொன்றரை. நான் சிவப்புச் சாக்பீஸ் எடுத்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். அவள் முகம் பூத்துவிட்டது. அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று, ஒரு நட்சத்திரம். அப்புறம் முப்பது. பதின்மூன்று வயதுப் பெண் வாரத்துக்கு வாரம் இளைக்கிறாள், அவளுக்கு உடம்பு கற்றுக்கொடுக்கிற நான் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெயிலில் ஓடுகிறாள், கொழுப்புக் கரைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் உடம்பில் கரைவதற்கு என்ன கொழுப்பு இருந்தது?

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் பரிமளா என்னிடம் வந்தாள். பயிற்சி முடிந்து எல்லோரும் குழாயடியில் நின்றிருந்தார்கள். இவள் மட்டும் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே அறை வரைக்கும் வந்தாள்.

"டீச்சர், நித்யா கனம் ஜாஸ்தியாயிடுச்சி டீச்சர்."

நான் கதவைக் காட்டினேன். "எழுதியிருக்கறத படி. இருபத்தொம்பதரை. மாசத்துல ரெண்டரை கிலோ கம்மி. உனக்கு கனமா தெரியுதா?"

"தெரியுது டீச்சர். மொதல்ல வெறப்பா நிப்பா. நின்னா நிக்கறதே தெரியாது. இப்ப கால் ஒதறுது. அப்படியே தோள்ல வந்து உக்கார்ற மாதிரி இறங்குறா. கோகிலாவ வேணா கேளுங்க."

"நீ ரெண்டு முட்ட சாப்புட்டு அவ கனம்ங்கிறியா? தோள் வலிச்சா வலிக்குதுனு சொல்லு, அடுத்தவ மேல பழியப் போடாத."

பரிமளா பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் மதியச் சாப்பாட்டில் இரண்டு முட்டை சாப்பிடுவது பள்ளி முழுக்கத் தெரிந்த கேலி. நானும் கேட்டிருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். சத்துணவில் ஒரு பிள்ளைக்கு ஒரு முட்டைதான் கொடுப்பார்கள். அப்படியானால் அந்த இரண்டாவது முட்டை யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இதை இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பொங்கல் முடிந்து வந்தோம். குடியரசு தினத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் மைதானத்தில் முழு ஒத்திகை. தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒத்திகைக்கு நிஜக் கொடி தர மாட்டேன், ஒரு மூங்கில் குச்சியில் மஞ்சள் துணி கட்டியிருந்தேன். பெரிய பிள்ளைகளை ஒரு விஷயத்தில் நான் நன்றாக மிரட்டி வைத்திருந்தேன். மேலே என்ன நடந்தாலும் கீழே ஒருத்தியும் அசையக் கூடாது. ஒருத்தி அசைந்தால் ஒன்பது பேரும் விழுவார்கள். அது சரியான விதிதான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்த விதிப்படி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

முதுகுகள் நின்றன. தோள்கள் ஏறின. நித்யா கோகிலாவின் இடுப்பில் கால் வைத்து ஏறி, இரண்டு பேர் தோளிலும் கால் பதித்து நிமிர்ந்தாள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி பாதி உயர்ந்து நின்றுவிட்டது. ஏன் நிற்கிறது என்று நான் யோசிக்கும் முன்பே பரிமளா நிலையை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் நித்யாவின் கால்களை மார்போடு கட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து பின்பக்கமாகக் குதித்தாள். பிரமிடு கலைந்தது. கோகிலா ஒரு பக்கம், முதுகுகள் ஒரு பக்கம். ஒரே கூச்சல், ஒரே மண்.

நான் ஓடிப்போய் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? "ஏன்டி அசைஞ்சே?" என்று பரிமளாவைப் பார்த்துக் கத்தினேன். அவள் மல்லாந்து கிடந்தாள். அவள் மேல் நித்யா கண் சொருகிக் கிடந்தாள். பரிமளாவின் இடது மணிக்கட்டு இருக்க வேண்டிய திசையில் இல்லை. ஆனாலும் அவள் என்னைப் பார்த்து, "கால் விட்டுப்போச்சி டீச்சர். தோள்ல தெரிஞ்சிது" என்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். உருவத்தில் நான் யானைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சறுக்கியது அந்த நிமிடத்தில் இல்லை. ஒன்றரை மாதமாகச் சறுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். இந்த இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நித்யாவுக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். சரியாகச் சாப்பிடாத பிள்ளை, வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வேறொன்றும் இல்லையாம். பரிமளாவுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் போடும்போது அழாத பெண், பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் விக்கி விக்கி அழுதாள். வலிக்கிறதா என்றேன்.

"அவ முட்டைய நான்தான் டீச்சர் சாப்புட்டேன்."

"எத்தன நாளா?"

"தராசு வச்சதுலருந்து. டீச்சர் என்னைக் கொடியிலருந்து எடுத்துடுவாங்க, நீ துன்னுடுன்னு தட்டுல போட்டுடுவா. சோறும் பாதி கொட்டிடுவா. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா. கனம் ஜாஸ்தியாவுதுனு உங்ககிட்ட சொன்னேனே டீச்சர். அதுக்கு மேல எப்படி சொல்றதுனு எனக்குத் தெரியல."

சத்தியத்தையும் மீறாமல், தோழியையும் விடாமல், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அந்தப் பெண் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் அவளுடைய முட்டையை எண்ணிக் காட்டினேன்.

நித்யா கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். எங்கே இருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "நான் கனமா இருந்தேனா டீச்சர்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். சண்டைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றேன். அந்த மனிதர் சண்டை போடவில்லை. "ராத்திரி ஒரு இட்லிக்கு மேல வேணாங்கும் டீச்சர். ஏம்மானு கேட்டா, டீச்சர் பாத்துக்கச் சொன்னாங்கனு சொல்லும். டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் அன்றைக்காவது தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கு மேலே ஆயிரம் பேர். "ஆறாம் கிளாஸ்ல ஒரு சின்னப் புள்ளயப் புடிங்க. தோளுக்கு வேற ஒருத்தியப் போடுங்க. ரெண்டு நாள் இருக்குல்ல? லிஸ்ட்ல பேர் போயிடுச்சி, பிரமிடு இல்லாம போனா எனக்கு அவமானம்" என்றார். ஆறாம் வகுப்பில் இருபத்தைந்து கிலோவில் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். தராசு வேலையை முடித்துவிடும். தராசை நம்பியிருந்தால் அன்று ஒருத்தியை ஏற்றியுமிருப்பேன். புதுத் தோள், புதுக் கொடி, நடுவில் இரண்டே நாள். ஒருத்தி கால் இன்னொருத்திக்குப் பழக அது போதாது.

"மூணாவது அடுக்கு இல்ல மேடம். ரெண்டோட நிறுத்திக்கறேன்" என்றேன்.

"போன வருஷம் மூணு அடுக்கு காட்டிட்டு, இந்த வருஷம் ரெண்டா? எல்லாரும் என்ன கேப்பாங்க?"

"என்னைக் கேக்கச் சொல்லுங்க. நான் பதில் சொல்லிக்கறேன்."

அவர் அந்த வருடம் முடியும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் நேராக அறைக்குப் போய் ஒரு துணியை நனைத்துப் பச்சைக் கதவைத் துடைத்தேன். நித்யாவின் வரிசையில் முப்பத்திரண்டில் தொடங்கி எண்கள் இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் கையால் போட்ட நட்சத்திரம். சிவப்புச் சாக்பீஸ் லேசில் போகாது. நன்றாகத் தேய்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன?

குடியரசு தினத்தன்று ஆறு முதுகுகள் நின்றன. மேலே கோகிலா ஒருத்தி ஏறிக் கொடியை உயர்த்தினாள். நாற்பத்தைந்து கிலோ இருப்பாள், சிலை மாதிரி நின்றாள். கைதட்டல் சுமார்தான். பரிசு கோலாட்டத்துக்குப் போனது. நித்யா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டைகள் பத்துப் பன்னிரண்டு. சொன்னபடி ஸ்டாண்டு முழுக்க வந்திருந்தது. அவர்களுக்கு விஷயம் தெரியும், இருந்தும் வந்திருந்தார்கள். கோகிலாவுக்கு அவர்கள்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நாற்பது கிலோ சரியா, குறைக்கலாமா?

உடம்பு கணக்கில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஐம்பது கிலோப் பெண்ணை முப்பது கிலோப் பெண்ணின் தோளில் ஏற்றினால் இரண்டும் போகும். ஆனால் அந்தக் கணக்கு இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. ஒருத்தியின் எடையை மட்டும் எழுதி வைத்தால் பாதிக் கணக்குதான் எழுதியிருக்கிறீர்கள். விறைப்பாக நிற்கத் தெரிந்தவள், வயிறு நிறையச் சாப்பிட்டுத் தெம்பாக வருகிறவள், இன்றைக்கு எனக்கு முடியவில்லை என்று சொல்ல வாய் உள்ளவள், அவள்தான் மேலே போகத் தகுந்தவள். பயந்து போய், பட்டினியாய் நிற்பவள் எத்தனை இளைத்தாலும் கனம்தான். இது தராசில் தெரியாது. தூக்குகிறவளுக்குத் தெரியும். அவளைக் கேளுங்கள். அவள் சொன்னால் நம்புங்கள். வளருகிற வயதில் பிள்ளை வளர்ந்துவிட்டால், வளர்ந்துவிட்டாய், நல்லது, இனி நீ தோளுக்கு வா என்று சிரித்துக்கொண்டு சொல்லுங்கள். கொடியிலிருந்து இறங்குவது தண்டனை இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அது உங்கள் முகத்தில் தெரிந்தால்தான் அவளுக்குத் தெரியும்.

அடுத்த வருடம் நித்யாவை மறுபடி ஏற்றினேனா என்று கேட்பீர்கள். ஏற்றினேன். அவளை நிறுக்கவில்லை. பரிமளாதான் ஒரு வாரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "நிக்கறதே தெரியல டீச்சர்" என்றாள். அந்த வருடம் மூன்று அடுக்கும் நின்றது. ஆனால் எனக்கு அந்தக் கொடியை விட இன்னொன்றுதான் கண்ணில் நிற்கிறது.

பிரமிடு கலைந்த அந்த வருடம், குடியரசு தினம் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை. சாப்பாட்டு மணி அடித்தது. நான் ஆசிரியர் அறைக்குப் போகாமல் சத்துணவுக் கூடத்துக்கே போய்த் தூண் ஓரமாக நின்றேன். நித்யாவும் பரிமளாவும் தட்டோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பரிமளாவின் இடது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. ஒற்றைக் கையால் முட்டை உரிக்க முடியாதே, நித்யா இரண்டு முட்டையையும் வாங்கி உரித்தாள். உரித்துவிட்டுப் பழக்கத்தில் இரண்டையும் பரிமளாவின் தட்டில் வைத்தாள். பரிமளா ஒன்றை எடுத்துத் திருப்பி அவள் சோற்றின் மேல் வைத்தாள். நித்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையே கட்டுப் போட்டுனு இருக்கு. இனிமே எப்படி தூக்குவே?" என்று கேட்டாள்.

"கைலயா தூக்குறேன்? தோள் நல்லாத்தான் இருக்குது" என்றாள் பரிமளா. "நீ துன்னு."